இரண்டு சிங்கங்களும் ஒரு சாவியும்

அக்காவின் கல்யாணப் பத்திரிகை ஒன்று என்னிடம் இருக்கிறது. மாதம் தை, கிழமை வியாழன். மூலையில் தடவிய மஞ்சள் பரவி வருடத்தை மறைத்துவிட்டது. அக்கா ஒரு வருடம் சொல்கிறாள், அத்தான் வேறொன்று சொல்கிறார். பஞ்சாங்கத்தைப் பார்த்தால் இரண்டு வருடத்திலும் தை வியாழனில் முகூர்த்தம் இருக்கிறது. எனக்கு அப்போது எட்டு வயது, அல்லது ஒன்பது.

இடப்பள்ளியிலிருந்து வந்த சம்பந்தம். எல்லாம் பேசி முடித்தபின், தங்களுக்குக் குடும்ப முத்திரை உண்டு, உங்களுடையதையும் கொடுத்தால் பத்திரிகையில் சேர்த்தே அச்சடிக்கலாம் என்று சொல்லியனுப்பினார்கள். மட்டாஞ்சேரியில் மிளகு விற்கும் எங்களுக்கு மூட்டையில் போடும் மை அடையாளம்தான் உண்டு. அதையே சொல்லிவிடலாம் என்றார் அப்பா. அக்கா அழ ஆரம்பித்தாள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்த மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்தும் இருந்தது. அம்மாவின் தம்பியான மாமா பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

வீட்டின் முன்னறைதான் கடை; அங்கே ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. ஊரைவிட்டுப் போன வியாபாரி ஒருவரிடம் அப்பா பழையதாக வாங்கியது. அதன் கதவில், செய்த கம்பெனியின் பித்தளைச் சின்னம்: எதிரெதிரே இரண்டு சிங்கம், மேலே கிரீடம், நடுவில் சாவி. மாமா அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்து, போர்டு எழுதுபவரிடம் கொடுத்து வண்ணம் பூசி வாங்கினார். கம்பெனிப் பெயரை மட்டும் விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி தங்கள் முத்திரையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். பெட்டிக்குப் போர்வை போர்த்தி, மேலே சாமி படம் வைத்திருந்தோம். மாமா எங்கள் முத்திரையை விரித்து விளக்கினார். சிங்கம் வீரம். கிரீடம் ராஜா கொடுத்தது.

“பண்டு ராஜாவோட கஜானா சாவி நம்ம தரவாட்டு வீட்டிலதான் இருந்துது, கேட்டோ.”

சம்பந்தி சாயாவைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார். தன் சுருளைப் பிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற நான்தான் ஓரத்தை இழுத்து விரித்தேன்.

“மாமா, இவங்ககிட்டயும் நம்ம சிங்கம்தான் இருக்கு. சாவியும் இருக்கு.”

மாமா என் தொடையைக் கிள்ளினார். கதவுக்குப் பின்னால் அக்காவின் வளையல் சத்தம் நின்றது.

சம்பந்தி தொண்டையைச் செருமினார். “அப்பொ பண்டு நாம ஒரே குடும்பமா இருந்திருக்கோம்.”

“அதத்தான் நானும் சொல்ல வந்தேன்” என்றார் மாமா.

அப்பா கேட்டார்: “ஒரே வம்சம்னா பொண்ணு குடுக்கறது எப்படி? அண்ணன் தங்கைன்னுல்ல ஆகும்?”

“தாய்வழி” என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

தாய்வழி என்றால் அக்கா முறைப்பெண்ணே ஆகிவிடுகிறாள். தடை போய் உரிமை வந்துவிட்டது. பத்திரிகையில் ஒரே முத்திரைதான் அச்சானது.

நான் இதை முழுதாக நம்பினேன். அடுத்த வாரம் கடைத்தெருவில் சுக்கு வியாபாரி ஒருவரின் இரும்புப் பெட்டியில் அதே சிங்கங்களைக் கண்டதும், உள்ளே போய் அவரை மாமா என்று கூப்பிட்டு, கல்யாணத்துக்கு அழைத்தேன். அவர் குடும்பத்தோடு வந்தார். மாமாவும் சம்பந்தியும் ஓடிவந்து அவரை முன்வரிசையில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் நின்று, அவரைப் பேச விடாமல் பாயசம் ஊற்றிக்கொண்டே இருந்தது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

இடப்பள்ளி வீட்டில் அப்படியொரு பெட்டி இருந்ததா என்பது இன்னும் உறுதிப்படவில்லை. அக்காவிடம் பலமுறை கேட்டுவிட்டேன். “அது எங்க குடும்ப விஷயம்” என்கிறாள்.