காஞ்சிபுரத்தில் இல்லாத இரண்டு மலைகள்

பெரிய மிஸ் அந்தக் கயிறுகளின் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற நிற்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது மடல் சுடும். பள்ளிக்கூடக் கூடத்தில் இந்தச் சன்னலுக்கும் அந்தச் சன்னலுக்குமாக ஐந்து கயிறுகளை ஒன்றின் கீழ் ஒன்றாகக் கட்டி, துணி காயப்போடும் கிளிப்புகளில் பிள்ளைகளின் படங்களைத் தொங்கவிட்டிருந்தேன். மேல் கயிற்றில் ஒன்றாம் வகுப்பு, அதற்குக் கீழே இரண்டாம் வகுப்பு, இப்படியே இறங்கி அடியில் ஐந்தாம் வகுப்பு. சாயங்காலம் மணியடித்துப் பிள்ளைகள் போன பிறகு பார்க்க வந்தார். மேலிருந்து ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், கடைசிக் கயிற்றுக்குக் குனிந்து, மெல்ல நிமிர்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "ஏம்மா, படிக்கப் படிக்கப் புள்ளைங்க மேல ஏறணுமா, கீழ எறங்கணுமா?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

பெரிய மிஸ் அப்போது எங்கள் தலைமை ஆசிரியை. பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே இருக்கிற சின்னப் பள்ளிக்கூடம் எங்களுடையது. ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புக்கு ஓர் ஆசிரியை, ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஓர் ஓவிய ஆசிரியை. அது நான். பகுதிநேரம். ஏனாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வருவேன். பிள்ளைகளுக்கு டிராயிங் மிஸ், மற்ற ஆசிரியைகளுக்கு, எப்போது வேண்டுமானாலும் கடன் வாங்கிக்கொள்ளக்கூடிய ஒரு பீரியடு. "இன்னிக்கு மட்டும் குடுங்க மிஸ், கணக்கு முடிக்கல" என்பார்கள். இன்றைக்கு மட்டும், இன்றைக்கு மட்டும் என்றே வருஷம் ஓடிவிடும். பெரிய மிஸ் தலைமை ஆசிரியையாக வந்த பிறகுதான் அது நின்றது. "டிராயிங் பீரியட யாரும் தொடக் கூடாது. புள்ளைங்க கையி வளர்ற நேரம் அது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அவருக்கு ஒரு கோடு நேராகப் போட வராது. ஆனாலும் என் வகுப்புக்காக அவரைப் போல யாரும் சண்டை போட்டதில்லை.

சண்டை தாளாளரோடு. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர்தான், பிள்ளைகளுக்கு விசேஷ நாளில் தன் கையால் இனிப்பு கொடுப்பார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வந்துவிட்டது, நம் பிள்ளைகள் அங்கே போய்விடுவார்கள் என்று அவருக்குப் பயம். டிராயிங் பீரியடை எடுத்துவிட்டு அந்த நேரத்தில் இங்கிலீஷ் வைக்கலாம் என்று சொல்லிவிட்டார். என் கணவர் வேலை பார்த்த கம்பெனி ஒரகடத்தில் கதவை மூடியிருந்த சமயம் அது. என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. பெரிய மிஸ் அவரிடம் போய், "நீங்க ஒரு தடவ வந்து பாருங்க. ஒண்ணாவதுலேர்ந்து அஞ்சாவது வரைக்கும் படத்த வரிசையா மாட்டி வெக்கிறோம். இந்தப் பொண்ணு புள்ளைங்கள எப்படி வளர்த்துக்கினு வந்திருக்குதுன்னு உங்க கண்ணாலயே தெரியும். அப்பவும் வேணாம்னா எடுத்துடுங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். என்னிடம் அதைச் சொன்னபோது அவ்வளவு சந்தோஷம் அவர் முகத்தில். நானும் சந்தோஷமாகத்தான் தலையாட்டினேன். என் பாடத்திட்டத்தின் மேல் எனக்கு அத்தனை கர்வம்.

அந்தப் பாடத்திட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றாம் வகுப்புப் பொடிசுகளுக்குப் போர்டைப் பார்த்து வரைய வராது, அதனால் அவர்கள் இஷ்டத்துக்கு விட்டுவிடுவேன். இரண்டாம் வகுப்பில் ஒரு மலை. மூன்றாம் வகுப்பில் இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன். நாலாம் வகுப்பில் மலையிலிருந்து ஓர் ஆறு இறங்கும், கரையில் தென்னை வரும். ஐந்தாம் வகுப்பில் குடிசை, படகு, வானத்தில் மூன்று காக்கை. வகுப்புக்கு ஒன்று சேரும். நான் போர்டில் ஒரு கோடு போடுவேன், பிள்ளைகள் ஒரு கோடு போடுவார்கள். கோணினால் கையைப் பிடித்து நேராக்குவேன். பீரியடு முடியும்போது அத்தனை நோட்டிலும் படம் முடிந்திருக்கும், வீட்டிலும் மெச்சுவார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அதில் என்ன தப்பு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. காஞ்சிபுரத்தில் ஏது மலை? மலை பார்க்க வேண்டுமென்றால் செங்கல்பட்டுப் பக்கம் போக வேண்டும். ஆறு என்று ஒன்று இருக்கிறது, பாலாறு, அதில் பெரும்பாலும் மணல்தான். இங்கே ஒரு பிள்ளையும் படகைக் கண்ணால் கண்டிருக்காது.

படங்களை மொத்தமாக ஒரு நாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. ஒவ்வொரு வகுப்பும் ஒவ்வொரு கிழமை, நோட்டை மூடினால் போயிற்று. அன்றைக்குத்தான் முதல் முறை. மாட்டிக்கொண்டே வரும்போது எனக்குள் ஏதோ சரியில்லை என்று பட்டது, ஆனால் மேலும் கீழும் ஓடி ஓடிக் கிளிப் போடுகிற அவசரத்தில் அதை நினைத்துப் பார்க்கவில்லை. பெரிய மிஸ் கேட்ட பிறகுதான் தள்ளி நின்று பார்த்தேன். மேல் கயிற்றில் ஒன்றாம் வகுப்பு. கோபுரத்தைவிடப் பெரிய குரங்கு, அதன் கையில் யாருடைய தேங்காய் மூடியோ. எல்லாச் சக்கரமும் ஒரே பக்கத்தில் இருக்கும் பஸ். கருட சேவைக் குடைக்குக் கீழே தலைகள், தலைகள், தலைகள். ஐந்து கால் ஆடு ஒன்று. ஏன்டா ஐந்து என்று கேட்டதற்கு, "ஓடுது மிஸ்" என்று அந்தப் பிள்ளை சொல்லியிருந்தான். அங்கிருந்து கண்ணை இறக்கினால் மலை முளைக்கிறது, சூரியன் முளைக்கிறது, இறங்க இறங்கப் படங்கள் ஒன்றுபோல் ஆகிக்கொண்டே வந்து, கடைசிக் கயிற்றில் ஒரே படம் வரிசையாகத் தொங்குகிறது. பெயரை மறைத்துவிட்டால் பெற்ற தாய்க்கே தன் பிள்ளையின் படம் எது என்று தெரியாது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை கூட இல்லை. அவர்களிடம் குரங்கு இருந்தது, நான் அதையும் பிடுங்கிவிட்டிருந்தேன்.

"ஒண்ணாவது படத்த மட்டும் எடுத்துடலாமா மிஸ்?" என்று கேட்டேன். அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றிய யோசனை அவ்வளவுதான். "எடுத்துட்டா அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமில்ல?" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இருக்கட்டும். நாளைக்கு உள்ளத நானே சொல்லிடறேன். வாரத்துல ஒரு பீரியட வெச்சுக்கினு இந்தப் பொண்ணு இன்னா பண்ணும், ரெண்டு பீரியடு குடுங்க, போர்ட பாத்துப் போடறத நிறுத்திட்டு வேற மாதிரி சொல்லிக் குடுக்கட்டும்னு கேக்கறேன். சண்ட போட்டுத்தானே பாக்கணும்" என்றார். போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதில் பாதி வெட்கம், மீதி பயம். அவர் உண்மையைச் சொன்னால் என் வேலை போய்விடும் என்பதுதான் பஸ்ஸில் முழு வழியும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் தாளாளர் வந்தார். பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகக் கூடத்தில் உட்கார்த்தி வைத்திருந்தோம். மேல் கயிற்றைப் பார்த்துச் சிரித்தார். "சின்னப் பசங்க, கிறுக்கியிருக்குதுங்க" என்றார். இரண்டாவது கயிற்றில் சிரிப்பு நின்றது. மூன்றாவதில் "பரவால்லையே" என்றார். கடைசிக் கயிற்றுக்கு வந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. கடையில் முகூர்த்தப் புடவைகளை விரித்துப் போட்டு ஒன்றுக்கொன்று இழை பிசகாமல் இருக்கிறதா என்று பார்ப்பாரே, அதே பார்வை. இந்த மலையிலிருந்து அந்த மலைக்கு விரலால் கோடு இழுத்துக்கொண்டே போனார். "அடேங்கப்பா. ஒரு புள்ள கூடப் பிசகல பாருங்க. ஒரே அச்சு. இதுக்குப் பேருதான் பயிற்சி" என்று என் பக்கம் திரும்பி, "நீங்க இருங்கம்மா. டிராயிங் பீரியட எடுக்கல" என்றார்.

பெரிய மிஸ் வாயைத் திறந்தார். "அதுங்க சார், இதுல ஒரு விஷயம் இருக்குது..." என்று ஆரம்பித்தார். நான் அவரைப் பார்த்தேன். பேசவில்லை, தலையைக்கூட அசைக்கவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான். வேண்டாம் மிஸ் என்று கும்பிட்டுக் கேட்டிருந்தால்கூட அது இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது. அவர் என் முகத்தைப் படித்துவிட்டார். "இன்னா விஷயம்?" என்று தாளாளர் கேட்டார். "ஒண்ணுமில்ல சார். புள்ளைங்களுக்குக் கலர் பென்சில் பத்தல" என்றார் பெரிய மிஸ். வாழ்க்கையில் யாருக்கும் பயந்து பேச்சை மாற்றாத அந்த மனுஷி, எனக்காக மாற்றினார். கலர் பென்சில் வாங்கித் தருவதாகத் தாளாளர் உடனே ஒப்புக்கொண்டார்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஐந்தாம் வகுப்பு வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைத் தாளாளருக்குத் தெரியும். அவர் கடைக்கு நெய்கிறவரின் மகள். அவளுடைய தங்கை ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். "உன் தங்கச்சி எத வரைஞ்சுது?" என்று கேட்டார். அக்காள் வெட்கத்தோடு மேல் கயிற்றைக் காட்டினாள். தாள் முழுக்க இரண்டு பெரிய பாதம், பத்து விரலும் நகத்தோடு, கீழே ஒரு பலகை, சுற்றிலும் கறுப்பு. அப்பா நெய்துகொண்டிருக்கும்போது தறிக்குழிக்குள் தலையை விட்டு எட்டிப் பார்த்திருக்கிறாள், மிதியை மிதிக்கிற காலைப் பார்த்தது பார்த்தபடி வரைந்திருக்கிறாள். நகங்களுக்கு அவள் எத்தனை நேரம் எடுத்துக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியும், பக்கத்தில் இருந்தேன். தாளாளர் சிரித்துக்கொண்டே அந்தப் படத்தைக் கிளிப்பிலிருந்து எடுத்து அக்காளிடம் கொடுத்தார். "காலப் போயி வரைஞ்சிருக்குது. நீ பெரியவ, தங்கச்சிக்கு ஒழுங்கா சொல்லிக் குடும்மா" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, பிரியமாகத்தான் சொன்னார்.

அக்காள் பென்சிலை எடுத்துக்கொண்டு தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தங்கையின் கையைப் பிடித்தாள். நான் பிடிக்கிற அதே பிடி, கட்டை விரலுக்கு மேல் தன் கட்டை விரலை அழுத்தி. அந்தப் பாதங்களின் மேலேயே ஒரு மலை. பக்கத்தில் ஒரு மலை. நடுவில் சூரியன். "கோணாம போடு" என்று வேறு சொன்னாள், என் குரலில். பெரிய மிஸ் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை நீட்டினால் எட்டுகிற தூரம். போதும் விடும்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தாளாளர் பக்கத்திலேயே நின்றிருந்தார். சின்னவள் தாளைத் தூக்கி என்னிடம் காட்டி, "இப்ப கரெக்டா மிஸ்?" என்று கேட்டாள். "கரெக்ட்" என்றேன். பெரிய மிஸ் வெளியே யாரோ கூப்பிட்டதுபோல வாசல் பக்கம் போய்விட்டார். யாரும் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெறும்வரை என்னிடம் ஒரு குறையும் வைக்கவில்லை. அந்த நாளைப் பற்றிப் பேசவும் இல்லை. "எதையும் முடிச்சுக் காட்டணும்னு இல்லம்மா, புள்ளைங்க பாதியில வுட்டாலும் பரவால்ல" என்று ஒரு தடவை போகிற போக்கில் சொன்னார். நான் மலையை அன்றைக்கே விட்டுவிட்டேன். போர்டை இப்போது துடைத்தே வைத்திருப்பேன். இரண்டாம் வகுப்பை வாசலுக்கு அழைத்துப் போய் நாயைப் பார்க்கச் சொல்கிறேன், நாலாம் வகுப்பை ஒருவர் செருப்பை ஒருவர் வரையச் சொல்கிறேன். படங்கள் கோணலாகத்தான் வருகின்றன. பெற்றோர்கள் வந்து, முன்ன மாதிரி சொல்லிக் குடுக்கறதில்லையா மிஸ் என்று கேட்கிறார்கள், கேட்கட்டும். இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை.

அந்தச் சின்னவள் இப்போது மூன்றாம் வகுப்பு. போன வாரம் எல்லோருக்கும் தாளும் தாளாளர் வாங்கிக் கொடுத்த கலர் பென்சிலும் கொடுத்து, வீட்டில் என்ன இருக்கிறதோ அதை வரையுங்கள் என்றேன். மற்ற பிள்ளைகள் குனிந்து கிறுக்க ஆரம்பித்துவிட்டன. இவள் மட்டும் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு, தாளை நேராக்கி வைத்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் தாளில் ஒரு புள்ளி இல்லை. பக்கத்தில் போய், "உங்க வீட்ல இன்னா கண்ணு இருக்குது?" என்று கேட்டேன்.

"தறி இருக்குது மிஸ்."

"அப்ப அத வரை."

அவள் பென்சிலை என் பக்கம் நீட்டினாள். "அது எப்படிப் போடறதுன்னு நீங்க போர்டுல போட்டுக் காட்டுங்க மிஸ். பாத்துக் கரெக்டா போட்டுடறேன்."