மூன்றாம் வரியில் ஓர் இருமல்

வாகனம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆறுமொழி என்றால்தான் தெரியும். புதிதாகச் சேர்கிறவர்கள், பெரிய படிப்பாளி போலிருக்கிறது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார்கள். பேர்தான் ஆறுமொழி. அந்த நாளில் அவருக்குத் தாய்மொழியைத் தவிர வேறொன்றில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. ஆனால் ஆறு மொழிகளில் பாடியிருந்தார். ஒரே பாட்டைத்தான்.

அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது. பகலில் டயர் கடையில் வேலை. சாயங்காலம் ஓர் ஓட்டல் கூடத்தில், சாப்பிடுகிறவர்கள் காதில் விழுந்தும் விழாமலும் பாட்டு. அங்கே சாப்பிட வந்த இசைக் கம்பெனி முதலாளி ஒருவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். இரண்டே மாதத்தில் பாட்டு வெளிவந்தது. பிரிந்துபோனவளுக்காக ஒருவன் காத்திருக்கும் பாட்டு. தாலாட்டைவிடக் கொஞ்சம்தான் வேகம். முடிதிருத்தும் கடை, பேருந்து, பல் மருத்துவரின் காத்திருப்பு அறை என்று போன இடமெல்லாம் அதுவே ஒலித்தது. முதலாளி சூட்டோடு சூடாக இன்னும் ஐந்து மொழிகளில் அவரைப் பாடவைத்துவிட்டார்.

ஒலிப்பதிவு அறையின் கண்ணாடியில் வரிகளை அவருக்குத் தெரிந்த எழுத்திலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். மூச்சு வாங்கும் இடத்துக்குச் சிவப்புக் கோடு. அர்த்தம் கேட்டதற்கு ஒலிப்பதிவாளர், "எல்லாம் அதே சோகம்தான், பாடுங்க" என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

இரண்டாவது பாட்டை யாரும் சீந்தவில்லை. மூன்றாவது வெளிவரவே இல்லை. தலையில் கைவைத்து உட்காருகிற ஆள் இல்லை அவர். டயர் கடைக்கு வந்துபோகும் பயிற்சிப் பள்ளிக்காரர் கூப்பிட்டதும் போய்ச் சேர்ந்துகொண்டார். ஸ்டியரிங்கைப் பிடித்த கைகள் உதறும்போது, "ஒண்ணும் ஆகாது, மெதுவா விடுங்க" என்று அவர் சொல்கிற குரலிலேயே பாதிப் பேருக்கு நடுக்கம் நின்றுவிடும்.

அங்கே சேர்ந்த ஆறாம் மாதம், கம்பெனி முகவரிக்குப் போய், அங்கிருந்து ஒரு கடிதம் அவரிடம் வந்து சேர்ந்தது. எந்த எழுத்து என்றே பிடிபடவில்லை. தெருமுனை மருந்துக் கடைக்கார அக்காவுக்கு இரண்டு மூன்று மொழிகள் தெரியும் என்பதால் அங்கே கொண்டுபோனார். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு படித்தார்.

"என்னக்கா, திட்டியிருக்காங்களா?"

"திட்டெல்லாம் இல்ல தம்பி. மூணாவது வரியில நீ 'உனக்காக இருமுவேன்'னு பாடியிருக்கியாம்."

"காத்திருப்பேன்னுதானே எழுதிக் கொடுத்தாங்க?"

"ஒரு எழுத்தை இழுக்கணும், நீ இழுக்கல. அந்த ஊர்ல பள்ளிக்கூடப் பிள்ளைங்க அந்த வரி வந்தா கூட்டமா இருமுறாங்களாம். எழுதினவ மூக்குக்கண்ணாடிக் கடையில வில்லை தேய்க்கிற பொண்ணு. குரல் நல்லா இருக்கிறதாலதான் மனசு கேக்கல, திருத்திப் பாடுங்கன்னு எழுதியிருக்கா."

அவருக்குக் காது மடல் சுட்டது. ஊரெல்லாம் கேட்ட பாட்டு. ஒரு மனுஷன் வாய் திறந்து சொல்லவில்லையே. அங்கேயே நின்றபடி அவர் சொல்லச் சொல்ல அக்கா பதில் எழுதினார். தப்புக்கு மன்னிப்பு, கம்பெனி இனிப் பாடவைக்காது, ஆனாலும் அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்வது எப்படி?

நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று படமே வரைந்து அனுப்பினாள் அவள். அதற்கு நன்றி சொல்லி ஒரு கடிதம், நன்றிக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் என்று அது நிற்காமல் ஓடியது. அக்கா கடையிலேயே உரக்கப் படிப்பதால், தலைவலி மாத்திரைக்கு வந்து நிற்கிறவர்களுக்குக்கூட, அவள் அண்ணன் வேலையை விட்ட கதையும் அவள் கைதவறி உடைத்த வில்லையின் கதையும் அத்துப்படி. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்த அக்கா, ஒருநாள் கடிதத்தைப் பாதியில் மடித்துவிட்டார்.

"இதுக்கு மேல நான் படிக்க மாட்டேன். எனக்கே கூச்சமா இருக்கு. நீயே கத்துக்கிட்டுப் படி."

"அப்படி என்னக்கா எழுதியிருக்கா?"

"கத்துக்கிட்டா தெரியும்."

எட்டு மாதம் பிடித்தது. சிக்னலில் கார் நிற்கும்போதெல்லாம் வினைச்சொற்களை முணுமுணுப்பார். கற்றுக்கொள்ள வந்தவர், தன்னைத்தான் திட்டுகிறார் என்று வியர்த்துப்போவார். நடுவில் அவளுக்கு அவரே எழுதிய பதில்கள், 'நான் நலம். மழை பெய்கிறது. கார் நீலம்' என்ற அளவில் இருந்தன. கடைசியில் ஒரு சாயங்காலம் மடித்த கடிதத்தைப் பிரித்துத் தானே படித்தார். கூச்சப்படும்படி பெரிதாக ஒன்றுமில்லை. எழுந்ததிலிருந்து விளக்கணைப்பது வரை தன் ஒரு நாளை அவள் எழுதி, வேளைக்கு வேளை, 'இப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்?' என்று கேட்டிருந்தாள். மறுநாளே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறினார்.

கடையின் பின்னறையில், சாணைச் சக்கரத்தின் முன்னால், முகமெல்லாம் வெள்ளைத் தூசியோடு அவள் நின்றிருந்தாள். ரயிலில் மனப்பாடம் செய்து வைத்திருந்த அத்தனையும் அவருக்கு மறந்துபோயிற்று. மூன்றாம் வரி மட்டும் வாயில் வந்தது. சொன்னார்.

அவள் சக்கரத்தை நிறுத்தினாள்.

"இப்ப சரியா இருக்கு" என்றாள் தன் மொழியில். "ஆனா தேவைக்கு அதிகமா இழுக்கறீங்க."

கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் மருந்துக் கடை அக்காதான். மனைவிக்கு அவர் ஊரிலேயே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்தது. ஒரு மகள் பிறந்தாள். சண்டை வந்தால் அவள் அவர் மொழியில் திட்டுவாள், அவர் அவள் மொழியில் திருப்பிக் கொடுப்பார். இரண்டு பேருக்குமே வசவுக்குச் சொல் போதாமல் சண்டை பாதியில் படுத்துவிடும்.

நாற்பத்தைந்து வயதில் அவளுக்குக் கார் ஓட்ட ஆசை வந்தது. ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவரால் வீட்டுக்காரிக்கு மூன்று நாள்கூடக் கற்றுக்கொடுக்க முடியவில்லை.

"நீங்க பொறுமைசாலின்னு ஊரே சொல்லுது. என்கிட்ட வந்தா மட்டும் அது எங்க போகுது?" என்று கேட்டுவிட்டு, அதே பள்ளியில் வேறொருவரிடம் போய்ச் சேர்ந்தாள். மூன்றாவது தேர்வில் உரிமம் வாங்கினாள்.

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார், முழங்கால் வலி. ஞாயிறுதோறும் மகள் வீட்டுக்கு அவள்தான் ஓட்டிக்கொண்டு போகிறாள். பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. வீட்டுக் காரில் ஏது? ஆனாலும் வளைவு வந்தால் அவருடைய வலது கால் தரையை அழுத்தும்.

"என்ன மிதிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல, கால் மரத்துப்போச்சு."

அவள் நம்பவில்லை. வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தாள்.