பூவை மறைக்கிறீங்க ஆன்டி

ஆர்க்கிட் வளர்த்து விற்கிறவர் வீட்டில் பெரும்பாலும் பூ இருக்காது. பூத்த வாரமே யாராவது வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், இலையும் வேரும்தான் நமக்கு.

நான் மலேசியாவில், கிள்ளானில், ஒரு பழைய தாமானில், அதாவது குடியிருப்பில், வரிசை வீடு ஒன்றில் இருக்கிறேன். பெட்டாலிங் ஜெயாவில் நான் வேலை பார்த்த எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையை வியட்நாமுக்கு மாற்றியபோது எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவும் போன பிறகு வீட்டில் நான் மட்டும். கார் கிடையாது என்பதால் கார் நிறுத்துகிற இடம் முழுக்கக் கறுப்பு வலை கட்டி, ஆர்க்கிட் தொங்கவிட ஆரம்பித்தேன். அது பெருகிப் பெருகி வாசல் கேட் வரைக்கும் வந்துவிட்டது. கூட வேலை பார்த்த தோழி ஒருத்தி அதைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டாள். மறுவாரமே ஒருவர் வந்து கேட்டை ஆட்டினார். அப்படித்தான் நான் வியாபாரி ஆனேன்.

நத்தையோடும் பூஞ்சையோடும், "இது எப்ப ஆன்டி பூக்கும்?" என்ற கேள்வியோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் என் இனத்தாரே, இதில் பாதியாவது உங்களுக்கும் நடந்திருக்கும்.

ஏர்கோன் அறையில் ஒரு வெள்ளைப் பூ

செந்தூலில் காண்டோமினியத்தில் இருக்கும் ஒரு பெண் என்னிடம் வெள்ளை ஃபெலனோப்சிஸ் வாங்கிப் போனாள். அதுதான், பட்டாம்பூச்சி வரிசையாக உட்கார்ந்த மாதிரி பூக்குமே, அந்த வகை. சென்னைப் பெண். கம்ப்யூட்டர் வேலைக்காக இங்கே வந்து, தனியாக இருக்கிறாள். கொஞ்ச நாளில் அந்தத் தொட்டியை ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு, நடுவில் ரயில் மாறி, கிள்ளான் வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். குழந்தையைக் கிளினிக்குக் கொண்டுவருகிற முகம்.

நடு இலையைத் தொட்டேன். கையோடு வந்துவிட்டது. குருத்து அழுகிப்போயிருந்தது. "நடுவுல தண்ணி ஊத்துனியாம்மா?" என்றேன். தினமும் காலையில் ஊற்றிவிட்டு, "போயிட்டு வரேன்"னு சொல்லிவிட்டுத்தான் ஆபீசுக்குப் போவாளாம். குருத்தில் தண்ணீர் நின்றால் இந்த வகை தாங்காது, வேரில்தான் ஊற்ற வேண்டும் என்று விளக்கினேன். தலையாட்டினாள். ஆனால் நம்பியதாகத் தெரியவில்லை. "நான் காலையில போனா ராத்திரிதான் வருவேன் ஆன்டி. நாள் பூரா அது மட்டும்தான் இருக்கும்" என்றாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே போய் ஊதா டென்ட்ரோபியம் ஒன்றை எடுத்துவந்து கொடுத்தேன். இது முரட்டுச் செடி, வெயில், மழை எல்லாம் தாங்கும், பால்கனியில் வைத்துவிடு என்றேன். அவள் அதைப் பையில் வைக்காமல் என்னையே பார்த்துக் கேட்டாள்:

"தனியா இருந்தாலும் தாங்குமா ஆன்டி?"

கொசு பார்க்க வந்தவர்

எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் டெங்கி வந்ததும் சுகாதார அதிகாரிகள் ஒவ்வொரு வீடாக வந்தார்கள். என் வீட்டுக்கு வந்தது ஒரு தமிழ்ப் பெண். நல்ல மாதிரி. கையில் டார்ச்சும், தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் ஒரு சின்னக் குழாயும் வைத்திருந்தார். என் தொட்டிகளைப் பார்த்ததும், "அடக் கடவுளே" என்று ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டார்.

ஆர்க்கிட்டோடு நான் வைத்திருக்கும் புரோமிலியாட் செடியின் இலைகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் தேங்கும். அதில் கொசுப்புழு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்தோம். நல்ல வேளை, எதுவும் இல்லை. பிறகு போனைத் தட்டிக்கொண்டே வழக்கமான கேள்விகளைக் கேட்டார். வீட்டில் எத்தனை பேர்? நான் ஒருத்திதான். காய்ச்சல் கீய்ச்சல்? இல்லை. இந்த மாதத்தில் வெளியூரிலிருந்து சொந்தக்காரங்க, விருந்தாளி யாராவது வந்து தங்கினாங்களா?

நான் யோசித்தேன். இந்த மாதம் இல்லை. போன மாதம்? தீபாவளிக்குத் தம்பி வருவதாகச் சொல்லியிருந்தான், வரவில்லை. நான் யோசித்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து அவர் போனிலிருந்து தலையை நிமிர்த்தினார். "யாரும் வரல" என்றேன். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்:

"அது நல்லதுதான் ஆன்டி, ஆள் வராத வீட்டுக்கு டெங்கியும் அவ்வளவு சீக்கிரம் வராது."

கல்யாண மேடை

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணம். மேடை அலங்காரம் செய்கிறவர் என் ஊதா டென்ட்ரோபியங்களை ஒரு நாள் வாடகைக்குக் கேட்டார். காலையிலேயே தொட்டிகளோடு லோரியில் ஏறிப் போய், மேடை ஓரம் அடுக்கிவைத்தேன். கல்யாணம் முடிந்ததும் திரும்ப ஏற்ற வேண்டும் என்பதால் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். கல்யாண வீட்டில் அழுக்கு உடுப்போடு இருக்கக்கூடாதே என்று, வெகுநாளாகப் பெட்டியில் கிடந்த பட்டுச்சேலையை உடுத்தியிருந்தேன்.

தாலி கட்டி முடிந்ததும் பார்த்தால், யாரோ இடித்து ஒரு தொட்டி சாய்ந்திருந்தது. நிமிர்த்தி வைக்க மேடைக்குப் போனேன். அந்த நேரம் பெண் வீட்டார் குடும்பப் படத்துக்காக வரிசையாக நிற்க, ஓர் அம்மாள் என் சேலையைப் பார்த்தாரோ என்னவோ, "வாங்கக்கா, எங்க போறீங்க, நில்லுங்க" என்று என் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். சொல்லியிருக்கலாம், நான் பூக்காரி என்று. சொல்லவில்லை. அவர் கை என் முழங்கையில் இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். படம் எடுப்பவர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஆன்டி, நீங்க மட்டும் கொஞ்சம் தள்ளிக்குங்க, பூவை மறைக்கிறீங்க."

மணியம் அண்ணனின் வாண்டா

மணியம் அண்ணன் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எனக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஒரு சனிக்கிழமை, மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் ஒரு வாண்டாவைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். மண்ணே வேண்டாத வகை அது. கூடையில் தொங்கும், வேர் காற்றில் நீளும். அவர் மனைவி ஆசையாக வளர்த்ததாம். மனைவி இறந்ததிலிருந்து அது பூக்கவேயில்லை. "துக்கம் தெரியும் போல" என்றார். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். யாரும் திருடிவிடக் கூடாது என்று வீட்டுக்குள்ளே, மனைவி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவைத்திருந்தாராம். "அண்ணே, இதுக்குத் துக்கம் இல்ல, வெயில்தான் இல்ல" என்றேன். முதல் தடவையாகச் சிரித்தார்.

அவர் வீட்டு முன்பக்கம் முழுக்கக் கூரை. அதனால் செடி என்னிடமே இருக்கட்டும் என்று முடிவானது. அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைப் பார்க்க வருவார். வரும்போது புட்டுமாயம், அதுதான் இடியாப்பம், வாங்கி வருவார், நான் கோப்பி கலக்குவேன். உள்ளே வந்து உட்கார்ந்தது கிடையாது. வாண்டாவுக்கு முன்னால் நின்றபடியே குடித்துவிட்டு, "வேர் பச்சையா இருக்குல்ல?" "ஆமா, பச்சையாத்தான் இருக்கு" என்று பேசுவோம். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமையே நான் சீனி இருக்கிறதா என்று டின்னைத் திறந்து பார்ப்பதை ஒரு நாள் நானே கவனித்தேன். கவனித்துவிட்டு, மூடிவைத்துவிட்டேன்.

மழைக்காலம் போய் வெயில் ஏறியதும் மொட்டுக்காம்பு வந்தது. பூத்த அன்று போன் செய்தேன். தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அடர்ந்த நீலம், ஒவ்வொரு பூவும் உள்ளங்கை அகலம். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். நான் கூடையைக் கழற்றி அவர் கையில் கொடுக்கப் போனேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"வீட்டுக்குக் கொண்டு போனா நான் ஒருத்தன்தான் பாக்கணும், இங்கேயே இருக்கட்டும்மா, ரெண்டு பேரு பாப்போம்."

ஈப்போவிலிருந்து

ஒரு நாள் ரொட்டிக் கடையில் ஏதோ வாங்கப் போன மணியம் அண்ணன், தன் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றாராம். தெரிந்தவர் யாரோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். மகள் ஈப்போவிலிருந்து வந்து கையோடு அழைத்துப் போய்விட்டார். புறப்படுவதற்கு முன் கார் என் வீட்டு வாசலில் நின்றது. அவர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி வாண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். மகளிடம் செடியை எடுத்துப் போகிறீர்களா என்று கேட்டேன். மாடி வீடு, தொங்கவிட இடமில்லை என்றார். என் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த தடவை வாண்டா பூத்தபோது படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். பதில் இல்லை. நானும் இரண்டு சனிக்கிழமை புட்டுமாயக்காரனை நிறுத்தி வாங்கிப் பார்த்தேன், தனியாகத் தின்ன ருசிக்கவில்லை. பிறகு ஒரு மாலை மகள் போன் செய்தார். அப்பாவுக்கு ஞாபகம் ரொம்பக் குறைந்துவிட்டது, சில நாள் மகளான தன்னையே 'நீ யாரு' என்று கேட்கிறார் என்றார். படத்தைக் காட்டி, "அம்மாவோட பூப்பா" என்றாராம். அவருக்குப் பூவும் தெரியவில்லை, அம்மாவும் தெரியவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு வேறு ஏதோ சொல்லியிருக்கிறார். அதைக் கேட்கத்தான் இந்த போன்:

"'அந்த வீட்டுக் கோப்பி நல்லா இருக்கும்'னு சொல்லிக்கிட்டே இருக்காரு, அது யாரு வீடு ஆன்டி?"

இன்னைக்கு மட்டும்

எங்கள் தெரு முனையில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் கிளையெல்லாம் புறா ஆர்க்கிட் ஒட்டியிருக்கிறது. யாரும் நட்டதில்லை. நல்ல வெயில் காலத்தில் திடீரென்று ஒரு பேய்மழை பெய்து குளிர்ந்தால், அதற்கு ஒரு வாரம் பத்து நாள் கழித்து, ஊரில் இருக்கும் புறா ஆர்க்கிட் எல்லாம் ஒரே காலையில் பூக்கும். மரம் முழுக்க வெள்ளைப் புறாக்கள் வந்து உட்கார்ந்தது போல இருக்கும். தெருவே மணக்கும். அந்தி சாயும்போது எல்லாம் வாடிவிடும். அவ்வளவுதான்.

இந்த வருடம் அப்படிப் பூத்த காலையில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என்னிடம் செடி வாங்கிய எல்லாருக்கும் வாட்ஸ்அப் அனுப்பினேன்: "புறா ஆர்க்கிட் பூத்திருக்கிறது. இன்னைக்கு மட்டும்தான். வாங்க, கோப்பி போடுகிறேன்." நாற்காலிகளை மரத்தடிக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். கட்டைவிரல்கள் வந்தன, பூப்படங்கள் வந்தன, கூப்பிய கைகள் வந்தன. ஆள் யாரும் வரவில்லை. வேலை நாள், ரோட்டில் ஜாம், அவர்களையும் குறை சொல்ல முடியாது. சாயங்காலம், பூ துவண்டு தொங்க ஆரம்பித்த நேரம், பெட்டாலிங் ஜெயாவிலிருந்து என் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் பதில் வந்தது:

"போட்டோ அனுப்புங்க லா அக்கா, ஜூம் பண்ணிப் பாத்துக்கிறேன்."

தண்ணீர் வராத காலை

கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்குத் தண்ணீர்த் தடை புதிதல்ல. ஆனால் அன்று முன்கூட்டியே சொன்னதை நான் கவனிக்கவில்லை. விடிந்து குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஒரு வாளிகூடப் பிடித்துவைக்கவில்லை. செடிக்கு ஊற்ற முடியாது என்றால் அந்த நேரத்தில் எனக்கு வேறு என்ன வேலை? திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டேன். வெயில் ஜன்னலில் ஏறியது. எழுந்திருக்க ஒரு காரணமும் தோன்றவில்லை.

அப்போது கேட்டை யாரோ உடைக்கிற மாதிரி தட்டினார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால், பக்கத்து வீட்டுச் சீன அம்மாள். எனக்கு மூத்தவர், அவரும் தனிதான். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் பேசியதெல்லாம் புகார். என் பக்கத்துத் தண்ணீர் அவர் செருப்பில் வடிகிறது, என் மீன் உரம் நாறுகிறது. இன்றைக்கு என்ன புகாரோ என்று பூட்டைத் திறந்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் வீட்டுக்குப் போய், பின்கட்டுப் பீப்பாயில் பிடித்துவைத்திருந்த மழைத்தண்ணீரை வாளியில் கொண்டுவந்து என் வாசலில் வைத்தார். இன்னொரு வாளி. நானும் போய்த் தூக்கினேன். இரண்டு பேருமாக, அவர் வீட்டுத் தேநீர்க் குவளையால் மொண்டு மொண்டு, ஒவ்வொரு தொட்டிக்கும் ஊற்றி முடித்தோம்.

மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, எதற்காகக் கேட்டை அப்படித் தட்டினீர்கள் என்று கேட்டேன். அவர் மலாயில் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறேன்:

"தினமும் நீ பைப்பைத் திறக்கிற சத்தம் கேட்டுத்தான் நான் எழுந்திருப்பேன், இன்னைக்குச் சத்தத்தையே காணோம், உயிரோட இருக்கியான்னு பாக்க வந்தேன்."

ஆகவே, தனியாகச் செடி வளர்க்கிற என் இனத்தாருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: உரம் எதையாவது போடுங்கள், தண்ணீரை மட்டும் கொஞ்சம் சத்தமாக ஊற்றுங்கள்.