முருகன் கழுத்துக்குப் போன கப்பல் கயிறு

எதிர்வீட்டு மன்னார் அண்ணையின் நிலக்கீழ் அறையில் ஒரு போர்க்கப்பல் நின்றது. சின்ன மேசை நீளம் வரும். மகள் ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு, துண்டு துண்டாக ஒட்டிச் செய்கிற பெட்டியாக வாங்கிக் கொடுத்தது. மனைவி செத்த பிறகு மனுசன் யன்னலடியில் சும்மா இருந்து தெருவைப் பார்க்கிறார் என்று அந்தப் பிள்ளைக்குக் கவலை. பெட்டிக்குள் மெல்லிய பலகைச் சலாகைகள், பித்தளைப் பீரங்கிகள், கயிறு ஓடுகிற மிளகளவு கப்பிகள், அட்டையில் சுற்றிய நூல், பிறகு ஒரு இங்கிலீசுப் புத்தகம். இரண்டு குளிர்காலம் அதோடுதான் இருந்தார். நானும் கூடத்தான் இருந்தேன், தேத்தண்ணி குடிக்க.

அவரை எனக்கு டோர்வல் விமான நிலையத்தில் வேலை செய்த நாளிலிருந்து தெரியும். அவர் விமானத்துக்குச் சாப்பாட்டு வண்டில் ஏற்றுகிறவர், நான் உள்ளே சீற்றுகளுக்குக் கீழே தூசி உறிஞ்சுகிறவன். ஒரு தரம் நான் பின்வரிசையில் குனிந்து நிற்க, "ஐசே, உதுக்குள்ள என்ன புதையலோ?" என்று தமிழில் ஒரு குரல் கேட்டது. அப்படித்தான் பழக்கம். அதற்கு முந்தி அவர் கப்பல்காரர். கிரேக்கக்காரரின் சரக்குக் கப்பலில் தளம் கழுவி, கயிறு இழுத்து, கடைசியில் மொன்றியல் துறைமுகத்தில் இறங்கியவர் திரும்பி ஏறவில்லை. அந்தக் கதையை ஆயிரம் தரம் சொல்லியிருப்பார். ஒவ்வொரு தரமும் குளிர் கொஞ்சம் கூடும்.

நான் பள்ளிக்கூடம் கன காலம் போகாதவன். தமிழ்ப் பேப்பர் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், இங்கிலீசு பெயர்ப்பலகை மட்டும்தான். அவருக்குப் பேச்சு வரும், வாசிப்பு வராது. ஆகவே சனிக்கிழமைகளில் மகள் பக்கத்து நகரமான லவாலிலிருந்து சாப்பாடு கொண்டுவரும்போது அந்தப் புத்தகத்தை எங்களுக்கு வாசித்துத் தமிழில் சொல்லுவாள். கப்பல் பிறந்ததிலிருந்து முடிந்தது வரைக்கும் எங்கெங்கே வேலை செய்தது என்று அதில் இருந்தது. பெயர் என் வாயில் நுழையாது. நாங்கள் "பெரியவ" என்றுதான் சொல்வோம்.

இருநூறு வருசத்துக்கும் மேலே முந்தினது. இங்கிலாந்து அரசனுடைய கப்பல், ஓக் மரம், இரண்டு தட்டுப் பீரங்கி. முதலில் கடலில் பிரெஞ்சுக்காரரைத் துரத்தியிருக்கிறது. பிறகு இந்த எங்கள் ஆற்றுக்குள்ளேயே வந்து, கியூபெக் நகரத்தைப் பிடிக்க வந்த கப்பல்களோடு நின்றிருக்கிறது. அதற்குப் பிறகு மேற்கிந்தியத் தீவுப் பக்கம். அங்கே குண்டுபட்டுச் செத்ததைவிடக் காய்ச்சலில் செத்த ஆட்கள் கூட. அடிமரத்தைப் புழு அரிக்கிறதென்று செப்புத் தகடு அடித்து இந்தியப் பக்கம் அனுப்பினார்கள். ஒரு சனிக்கிழமை மகள் "திருகோணமலை" என்று வாசித்தாள். அண்ணை கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"என்ன, என்ன? திருப்பி வாசி."

"திருகோணமலையில நங்கூரம் போட்டு நிண்டதாம் அப்பா."

"பாத்தீரோ ஐசே? இஞ்சயும் வந்திருக்கிறா, அங்கயும் போயிருக்கிறா. நான் வந்த பாதை முழுக்க எனக்கு முந்தியே வந்து போயிருக்கிறா."

"நீங்கள் சட்டி கழுவி வந்தனீங்கள், அவ பீரங்கியோட வந்தவ அண்ணை."

"சட்டி கழுவேல்ல. தளம் கழுவினன். வித்தியாசம் தெரியாத மனுசன்."

மகள் அடுத்த பக்கத்தைப் பிரட்டினாள். கப்பல் பழுதாகி இங்கிலாந்துக்குத் திரும்பியது, பாய்மரங்களைக் கழற்றினார்கள் என்று தொடங்கினாள். அண்ணை கையைக் காட்டினார். "காணும். அதோட நிப்பாட்டு." பிறகும் எத்தனையோ தரம் முதலிலிருந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அந்த இடம் வந்ததும் நிற்பாட்டிவிடுவார்.

கப்பலின் உடம்பு அழகாக முடிந்தது. பலகை ஒட்டி, அரத்தாள் போட்டு, ஒவ்வொரு பீரங்கிக் கதவும் கயிறு இழுத்தால் திறக்கிற மாதிரிச் செய்திருந்தார். மிச்சம் பாய்மரமும் அதன் கயிறுகளும். அந்த நேரத்தில்தான் வீடு விற்றது. அவருக்கு ஏறி இறங்க ஏலாது, பனி தள்ள ஏலாது. ஆவணி முடிவில் வீட்டைக் கையளித்துவிட்டு லவாலில் மகளோடு போய் இருக்க வேண்டும். அவர் மகளிடம் ஒன்று மட்டும் சொன்னார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கப்பல் முடிஞ்சா கொண்டு வருவன். முடியாட்டிக் குப்பைக்காரருக்குத்தான்."

"ஏனப்பா அப்படிக் கதைக்கிறீங்கள்? அங்க வந்து ஆறுதலாச் செய்யலாம்தானே."

"அரைகுறையா வந்தா அது ஒரு மூலையில கிடக்கும். பக்கத்து மூலையில நான் கிடப்பன். எனக்கு வேண்டாம்."

மகள் கண்ணைத் துடைத்துவிட்டுச் சிரித்தாள். அவளுடைய புருசன் கியூபெக்காரன், நல்ல பிள்ளை. "இவர் வேற கேக்கிறார் அப்பா, எங்கட ஊருக்குச் சுட வந்த கப்பலை எங்கட வீட்டுக்குள்ள விடுறதோ எண்டு."

"சுட்டு முடிஞ்சு கன காலம் எண்டு சொல்லு."

இனி நூல் கதைக்கு வருகிறேன். கப்பல் கயிறுக்கான நூலுக்கு முதலில் தேன்மெழுகு பூச வேண்டும், இல்லாவிட்டால் பிசிர் நிற்கும். அண்ணையின் கை நடுக்கம் எனக்குத் தெரியும். ஆகவே நான் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, தொலைக்காட்சி பார்த்தபடி எல்லாவற்றுக்கும் மெழுகு பூசி, மேசையில் காய விட்டேன். அது முருகன் கோயில் தேர்த்திருவிழாக் கிழமை. எங்கள் வீட்டில் வருசாவருசம் நாலைந்து பெண்கள் கூடி மாலை கட்டுவார்கள். இந்த ஊரில் வாழைநாருக்கு எங்கே போகிறது? அவரவர் கையில் அகப்பட்ட நூலில்தான் கட்டுவார்கள். போன வருசம் கட்டின தையல் நூல் பாதி வழியில் அறுந்து, பூ தேர்ச் சில்லுக்குக் கீழே போனது என்று பெரிய கதை நடந்தது.

நான் கடைக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு வர, கூடம் முழுக்கப் பழைய படுக்கைவிரிப்பு, அதன்மேல் செவ்வந்தியும் கார்னேசனும். பெரிய மாலைகள் கோயில் குளிரறையில் வைக்க வண்டியில் போய்விட்டன. மேசையில் வெறும் அட்டைகள்.

"இஞ்சாரப்பா, இதில கிடந்த நூல் எங்க?"

"அந்த மெழுகு பூசின நூலோ? அருமையான நூல்!" என்றாள் மனைவி. "முடிச்சு வழுக்காம நிக்குது. ஏன் இவ்வளவு நாளும் இப்பிடி ஒண்டு வாங்கித் தரேல்ல?"

"நான் வாங்கேல்ல. அது எதிர்வீட்டு அண்ணையின்ர கப்பல் கயிறு."

எல்லோருடைய கையும் நின்றது. மூலையிலிருந்த ஒரு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, "நான் வள்ளிக்குக் கட்டினது முழுக்க அதிலதான்," என்றாள்.

"கோயிலுக்குப் போன் பண்ணித் திருப்பி எடுப்பிக்கட்டே?" என்றேன்.

"சாமிக்கெண்டு கட்டினதை அறுக்கிறதோ?" மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கென்ன, மண்டைக்குள்ள ஏதும் பிழைச்சுப் போச்சோ? மேசையில மாலை கட்டுற சாமானுக்குப் பக்கத்தில வைச்சது ஆர்?"

பாலைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து போனேன்.

அண்ணை கதவைத் திறந்தார். நான் நின்ற நிலையிலேயே சொன்னேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கினதும் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ர கப்பல் கயிறு முருகன்ர கழுத்திலயோ! ஐசே, எங்கட சேர்ச்சுப் பாதர் கேட்டா நான் என்ன பதில் சொல்லுறது?"

"நாளைக்கே வேற வாங்கித் தாறன் அண்ணை."

"வாங்கும், வாங்கும்," என்றார். ஆனால் சிரிப்பு முடிந்த பிறகு அந்த வார்த்தையில் ஒரு அவசரமும் இல்லை. அதை நான் அப்போது கவனித்தேன், பெரிதாக எடுக்கவில்லை.

அடுத்த நாள் மெட்ரோவில் ஜோன்-தாலோன் பக்கம் போய், தையல் சாமான் கடையில் கறுப்பும் மண்ணிறமுமாக நூல் வாங்கினேன். கடைக்காரிக்குப் பிரெஞ்சில் கப்பல் என்று விளக்கப்படுத்த, அவள் எனக்குத் தூண்டில் நூலைக் காட்டினாள். ஒரு மாதிரிச் சரியானது கிடைத்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணை "மெர்சி" என்று பிரெஞ்சில் பகிடியாக நன்றி சொல்லி வாங்கி, மேசையில் வைத்தார். இரண்டு நாள் கழித்துப் போனேன். கடைப் பை வைத்த இடத்திலேயே, பிரிக்காமல் கிடந்தது.

தேரன்று காலையில் அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார், இஸ்திரி போட்ட சட்டையோடு.

"நானும் வாறன். என்ர கயிறைப் பாக்கவேணும்."

மனைவிக்கு முகம் ஒரு மாதிரிப் போனது. ஆனாலும் காரில் அவருக்கு முன்சீற்றைக் கொடுத்தாள். கோயிலில் சனமென்றால் அப்படிச் சனம். ரொறொன்ரோவிலிருந்தும் வந்திருந்தார்கள். தேர் வீதிக்கு வந்தபோது அண்ணை கொஞ்சம் ஒதுங்கி, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மாலை ஆளுயரம். காற்றுக்கு ஆடினது, அறவில்லை.

"நல்லாப் பிடிச்சு நிக்குது ஐசே. காத்துக்கும் தாங்குது," என்றார். கப்பல்காரன் கதைக்கிற மாதிரித்தான் சொன்னார்.

பிறகு வெயில் தாங்காமல் கார் நிறுத்துமிடத்தில் மரநிழல் தேடி இரண்டு மடக்குக் கதிரையைப் போட்டு இருந்தோம். யாரோ மோர் கொண்டுவந்து தந்தார்கள். அவருடைய கையில் கப் ஆடி, மோர் சட்டையில் சிந்தியது. அவர் துடைக்கவில்லை.

"உமக்கொண்டு சொல்லுறன். உம்மட மனிசி நூலை எடுத்திருக்காட்டியும் ஒண்டும் நடந்திராது. அந்தக் கப்பி ஓட்டைக்குள்ள என்னால நூல் கோக்க ஏலாது. பனி கரைஞ்ச நாள் தொட்டுப் பாக்கிறன். ஒண்டுகூடப் போகேல்ல."

"நான் கோத்துத் தாறன் அண்ணை."

"உமக்குப் போத்தல் மூடியில எழுதினதே கண்ணுக்குத் தெரியாது."

அதுவும் உண்மை. மருந்துப் போத்தலை மனைவிதான் எனக்கு வாசித்துத் தருகிறவள். என்றாலும் அன்று பின்னேரம் போய் ஒரு கப்பியை எடுத்துப் பார்த்தேன். ஓட்டை எந்தப் பக்கம் இருக்கிறதென்றே எனக்குப் பிடிபடவில்லை. அண்ணை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வையும்," என்றார்.

"மகளைக் கேட்டா?"

"அவள் கட்டினா அது அவளின்ர கப்பல்."

குப்பை வண்டி எங்கள் தெருவுக்கு எந்தக் கிழமை வரும் என்று இருவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை மகள் வந்தாள். பாதி வீடு அட்டைப் பெட்டிக்குள் போயிருந்தது. சாப்பிட்டு முடிய அண்ணை அந்தப் புத்தகத்தை அவளிடம் நீட்டினார்.

"கடைசிப் பக்கத்தை வாசி பிள்ளை."

"நீங்கள்தான் வேண்டாம் எண்டு..."

"வாசி."

அவள் வாசித்தாள். பாய்மரங்களைக் கழற்றினார்கள். பீரங்கிகளை இறக்கினார்கள். மேல்தட்டுக்குக் கூரை போட்டு, துறைமுகத்தில் சங்கிலியால் கட்டி, வருத்தக்காரரை வைத்துப் பார்க்கிற ஆசுப்பத்திரிக் கப்பலாக்கினார்கள். அப்படி அது கன வருசம் நின்றிருக்கிறது. சண்டை பிடித்த காலத்தைவிட அந்தக் காலம்தான் கூட. கடைசியில் பிரித்து மரத்தை விற்றார்கள். பக்கத்தில் ஒரு சின்னப் படமும் இருந்தது. வீடு மாதிரி ஒரு கப்பல், புகைபோக்கியோடு. கூரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கயிறு கட்டி உடுப்புக் காயப் போட்டிருந்தார்கள்.

அண்ணை படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக் கன நேரம் பார்த்தார்.

"பாய்மரம் இல்லாட்டி அது கப்பலோ அண்ணை?" என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்கத் தேவையில்லை.

"மிதக்குதுதானே ஐசே. உள்ளுக்கு ஆக்கள் இருக்கினம்தானே. வேற என்ன வேணும்?"

கப்பலை அந்தப் படத்தில் நிற்கிற மாதிரியே முடிப்பது என்று ஆனது, அதற்குப் பிறகு வேலை சுறுக்கென்று நடந்தது. பாய்மரங்களைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தோம். பீரங்கிகளைக் கழற்றி ஒரு ஜாம் போத்தலில் போட்டார். "மருமகனிட்டக் குடு. கியூபெக்குக்கு இனிப் பயமில்லை எண்டு சொல்லு." கூரைக்கு ஐஸ்பழக் குச்சி. அதற்காக எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு கிழமை ஐஸ்பழம் சாப்பிட்டோம், எனக்குச் சீனி வருத்தம் இருந்தும். குச்சி அகலமானது, அண்ணையின் கைக்குப் பிடிக்கலாம். பசை பூசுகிறது அவர், அமத்திப் பிடிக்கிறது நான். புகைபோக்கி ஒரு பேனை மூடி.

கடைசியில் உடுப்புக் காயப் போடுகிற கொடி மிச்சம். நான் வாங்கின புது நூலை எடுக்க, மனைவி தெருவைக் கடந்து வந்தாள். கையில் ஒரு அட்டைத் துண்டு. அதில் ஒரு முழம் நீளத்துக்கு மெழுகு நூல் சுற்றியிருந்தது, பூக்கூடைக்கு அடியில் கிடந்ததாம். காய்ந்த செவ்வந்தி இதழ் ஒன்றும் அதில் ஒட்டியிருந்தது.

"இது உங்கட நூல்தான் அண்ணை. குறை நினைக்காதேங்கோ."

"முருகன் மிச்சம் விட்டிருக்கிறார்," என்று அண்ணை வாங்கினார். "மாலை கட்டுற கைதானே. நீங்களே ஒரு முடிச்சுப் போடுங்கோ."

இரண்டு பக்கமும் அவள்தான் கட்டினாள், மாலைக்குப் போடுகிற அதே முடிச்சு. பழைய படுக்கைவிரிப்பில் நகமளவு துண்டு வெட்டி, பசை தொட்டுத் தொங்க விட்டோம். ஒரு துண்டு மட்டும் அவளுடைய சட்டைத்துணி, சிவப்பு. வருத்தக்காரன் ஒருவன் சிவப்புச் சட்டை போடக்கூடாதோ என்று அண்ணை கேட்டார்.

வீடு கையளிக்கிற அன்று கப்பலை அவர் மடியில் வைத்துக்கொண்டு மகளின் காரில் ஏறினார். பாய்மரம் இருந்திருந்தால் அது அந்தக் கார்க் கதவால் போயிருக்காது. அதை முதலில் யாரும் யோசிக்கவில்லை.

இப்போது நான் மாதத்துக்கு ஒன்றிரண்டு தரம் ஒரேஞ்ச் லைன் மெட்ரோவில் லவாலுக்குப் போகிறேன். கடைசி ஸ்டேசனில் இறங்கி பஸ் எடுக்க வேண்டும். கப்பல் கூடத்தில் யன்னலடியில் நிற்கிறது, மூலையில் இல்லை. அவருடைய கதிரையும் அதற்குப் பக்கத்தில்தான். போன கிழமை நான் போக மழை பிடித்துக்கொண்டது. ஈரச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நிற்க, அண்ணை கதிரையில் இருந்தபடியே கத்தினார்.

"ஐசே, அங்க நிண்டு என்ன செய்யிறீர்? மழை வருது. கொடியில உடுப்பெல்லாம் நனையப்போகுது, கெதியா எடும்!"