கெட்டிப் போனவள்

என்னைப் பின்தொடர ஒரு துப்பறிவாளரை அமர்த்தினார்கள் என்று சொன்னால் இப்போதும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு அன்று கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆற்றிக்கொள்ளும் எண்ணமும் இல்லை.

எனக்கு வீடு இரணியலில், வேலை தக்கலையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வேலை இல்லை. பிண்ணாக்குக் கடை ஒன்றின் மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, நாங்கள் சிலர் பழைய படங்கள் பார்ப்போம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், ஒரு நர்ஸ், இரண்டு மூன்று வாத்தியார்கள், நான். ஜன்னல்களுக்குச் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்குவது தபால்காரர் வேலை. புரொஜெக்டர் என் பொறுப்பு. கீழேயிருந்து பிண்ணாக்கு வாசம் வந்துகொண்டே இருக்கும்.

எனக்குப் பிடித்தவை கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்கள். ஊரைத் தெரிந்த, ஊர் மதிக்காத ஒரு தனித் துப்பறிவாளன். மழை பெய்கிற தெரு. அவன் அறைக்கு ஒரு பெண் வந்து பாதி உண்மை சொல்வாள். அவன் போலீசுக்கும் பணக்காரனுக்கும் தலைவணங்காமல் அடிவாங்கி, கடைசியில் முழு உண்மையைக் கண்டுபிடிப்பான். அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அந்தப் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கும். படம் முழுக்க எல்லோரும் அவளைச் சந்தேகப்படுவார்கள். கடைசியில் அவளுக்கு ஒன்று குண்டு, இல்லையென்றால் ஜெயில்.

ஒரு மழைக்காலத்தில் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை சென்னையில். அவருடைய அம்மா எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்தான்; கல்யாணமாகிச் சென்னை போனவர், பேச்சை மொத்தமாக மாற்றிக்கொண்டுவிட்டார். வந்து பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். நானும் மாப்பிள்ளையும் போனில் பேச ஆரம்பித்தோம். அவருக்கு நல்ல சிரிப்பு. சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.

நாள் குறிப்பதற்கு முன்னால் அந்தத் துப்பறிவாளர் வந்து சேர்ந்தார். எங்கள் ஊர் முக்கில் ஒரு புதுமுகம் சாயா குடித்து முடிப்பதற்குள் அவர் யார் வீட்டைத் தேடி வந்தார் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். அதிலும் இவர் கொட்டுகிற மழையில் பாலிஷ் போட்ட ஷூவோடு வந்திருந்தார். சாயாக்கடையிலும் எங்கள் தெருவிலும் ஏதோ கணக்கெடுப்பு என்று சொல்லி விசாரித்திருக்கிறார். எங்கள் ஆட்களிடம் ஒன்று கேட்டால் ஒன்பது சொல்வார்கள். பக்கத்து வீட்டுச் சித்தி அன்று சாயங்காலமே பெருமையாக வந்து என்னிடம் ஒப்பித்தார்.

"நல்லதுதான் சொன்னேன், கேட்டியா. மூத்தவ கொளச்சலுக்குக் கெட்டிப் போயாச்சு, இனி இவ ஒருத்திதான் பாக்கிண்ணு சொன்னேன்."

எனக்கு அப்போது அதில் எந்தக் குற்றமும் தெரியவில்லை. கட்டுவதைக் கெட்டுவது என்றுதான் நாங்கள் சொல்வோம். தாலி கெட்டுவோம், மாடு கெட்டுவோம், வீடு கெட்டுவோம். கல்யாணமாகிப் போகிற பெண் கெட்டிப் போகிறாள்.

சனிக்கிழமை அவர் எங்கள் மாடிக்கே வந்துவிட்டார். படம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் ஒரு துப்பறிவாளன் விளக்குக் கம்பத்தடியில் நின்று ஒரு பெண்ணின் ஜன்னலைக் கண்காணிக்கிறான். எனக்குப் பின்னால் ஒருவர் ஈர ஷூவோடு உட்கார்ந்து என்னைக் கண்காணிக்கிறார். சிரிப்பு வெளியே வராமல் வாயைப் பொத்திக்கொண்டேன்.

இடைவேளையில் எல்லோருக்கும் பால் சேர்க்காத கட்டன்சாயா ஊற்றியபோது அவருக்கும் ஒரு கிளாஸ் கொடுத்து, படம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"இந்த ஆளுக்கு வேலை கொடுக்கிறவங்க எல்லாருமே பொய்தான் சொல்றாங்க மேடம்."

உங்களுக்கும் அப்படித்தானா என்றேன். அவர் சாயாவை மடமடவென்று குடித்துவிட்டுக் கிளாசைத் திருப்பிக் கொடுத்தார். ஆனாலும் படம் முடிகிறவரை இருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வயிற்றுப்பாட்டுக்கு நானும் ஆட்களைத் துருவுகிறவள்தான். ஒரு வித்தியாசம், நான் ஊசியை எடுப்பதற்கு முன் கையை நீட்டச் சொல்லிக் கேட்பேன்.

அடுத்த வாரம் மாப்பிள்ளையின் அப்பா போன் செய்து என் அப்பாவைப் பிடிபிடியென்று பிடித்தார். மூத்த பெண் கெட்டுப் போனவள் என்பதை ஏன் மறைத்தீர்கள்? குளச்சலில் எங்கே இருக்கிறாள்? இளையவள் சனிக்கிழமைதோறும் இருட்டு அறையில் ஆண்களோடு என்ன செய்கிறாள்? அப்பா வளைகுடாவில் பல வருஷம் லாரி ஓட்டியவர், யாரிடமும் ஒரு சொல் கேட்காதவர். போனை வைத்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். குளச்சலில் என் அக்கா புருஷனோடு வலைக்கடை நடத்துகிறாள். துறைமுகத்துக்காரர்களே அவளிடம் பேரம் பேசப் பயப்படுவார்கள்.

சித்தி சொன்ன 'கெட்டிப் போயாச்சு' அந்த ஆள் காதில் 'கெட்டுப் போயாச்சு' என்று விழுந்திருக்கிறது என்று எனக்குச் சட்டென்று பட்டது. விஷயத்தை அப்பாவுக்கு விளக்கினேன். அவர் முகத்தில் உயிர் வந்தது. உடனே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று எழுந்தார். நான் வேண்டாம் என்றேன்.

"ஒரு வார்த்தை சொன்னா தீருமே மக்கா" என்றார்.

தீரும்தான். ஆனால் நாம் ஏன் சொல்ல வேண்டும்? அக்காவைப் பற்றி அக்காவிடம் கேட்டிருக்கலாம். என்னைப் பற்றி என்னிடமே கேட்டிருக்கலாம், தினமும் பேசிக்கொண்டுதானே இருந்தோம். அன்றைக்கே மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, ஆள் அனுப்பியது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். அம்மாவின் மனநிம்மதிக்காக என்றார். அதன் பிறகு எனக்குப் பிடித்த அந்தச் சிரிப்பைச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. நன்றாக அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

இரண்டொரு நாளில் அவருடைய அம்மாவே கூப்பிட்டார். அப்பா போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். நான் சொல்லியிருந்ததை மறந்தோ மறக்காமலோ, எடுத்த எடுப்பில் கொட்டிவிட்டார்: மூத்தவளைக் குளச்சலுக்குத்தானே கெட்டிக் குடுத்திருக்கு, கெட்டிப் போன இடத்தில் ராணி மாதிரி இருக்கிறாளே.

அந்தப் பக்கம் 'கெட்டிப் போன' என்று ஒருமுறை சொல்லிப் பார்க்கும் குரல் கேட்டது. பிறகு அந்த அம்மா சிரித்தார். சிரித்துச் சிரித்து, இத்தனை வருஷச் சென்னைப் பேச்சும் உதிர்ந்து எங்கள் பேச்சு வெளியே வந்தது. தன் அம்மையும் இப்படித்தான் சொல்லுவாள் என்றார். இதை எப்படி மறந்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்பாவிடம் வருத்தம் தெரிவித்தார். ஆவணியிலேயே நாள் பார்த்துவிடலாம் என்றார். அப்பாவின் கண் நிறைந்துவிட்டது.

அதோடு நிறுத்தியிருந்தால் ஒருவேளை நானும் இளகியிருப்பேன். ஒரே ஒரு விஷயம் என்றார். அந்தச் சனிக்கிழமை சினிமா மட்டும் இனி வேண்டாம். தப்பு என்று தான் சொல்லவில்லை. நாலு பேர் நாலு விதமாகப் பேச நாமே இடம் கொடுக்கக் கூடாது இல்லையா? அந்த ஆளை அனுப்பியதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. அவர் கணக்கில் சொல் புரியாமல் போனதுதான் பிழை, ஆள் வைத்துப் பார்த்தது பிழையில்லை.

அப்பா என்னைப் பார்த்தார். சரி என்று சொல்லிவிடு என்று அவர் கண் கெஞ்சியது. எனக்கு அந்தப் படங்களில் வரும் பெண் நினைவுக்கு வந்தாள். உன்னை யார் அனுப்பினார்கள், எதற்கு அனுப்பினார்கள் என்று அவள் திருப்பிக் கேட்கிற ஒரு படத்தைக்கூட நான் பார்த்ததில்லை. அப்பா கையிலிருந்து போனை வாங்கினேன்.

"மாமி, அக்கா கெட்டிப் போனவதான். நான் கெட்டிப் போகல்ல."

"அதான் தெரிஞ்சு போச்சே மக்ளே, நீ கெட்டுப் போகலேன்னு."

"அதில்ல மாமி" என்றேன். "நீங்க நாள் பாக்க வேண்டாம், நான் நம்ம ஊர்ப் பேச்சிலயாக்கும் சொன்னேன்."