கூரையில் விட்ட இடைவெளி

எங்கள் பாலர் பள்ளியில் பிள்ளைதான் முன்னால் போகும், ஆசிரியர் பின்னால் போகவேண்டும். யூதப் பிள்ளைகளுக்கான பள்ளி அது. நாங்கள் குடியிருக்கும் வெக்ஸ்போர்ட்டிலிருந்து பஸ் மாறி மாறிப் போய் அங்கே உதவி ஆசிரியையாக வேலை செய்கிறேன். பிள்ளை மண்ணைக் கிண்டினால் நாங்களும் பக்கத்தில் குந்தியிருந்து பார்க்கவேண்டும். ‘இப்படிச் செய்’ என்று சொல்லக்கூடாது. ‘இது எதற்காக இருக்கும்?’ என்று கேட்கலாம். விளையாட்டில் பெரியவர்களின் கை படக்கூடாது. யாழ்ப்பாணத்தில் பிரம்புக்குப் பயந்து எழுத்துப் படித்த எனக்கு, வாயையும் கையையும் கட்டிக்கொண்டு நிற்கப் பழகுவதற்கு ஒரு டிப்ளோமா தேவைப்பட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கேற்றில் ஒருவரும் நிற்பதில்லை. யூதப் பள்ளிகளுக்கு மிரட்டல் வரத் தொடங்கியபிறகு, இப்போது ஒரு காவலாளி நிற்கிறார். சில காலைகளில் பொலிஸ் காரும் நிற்கிறது. பிள்ளைகளைக் கொஞ்சி உள்ளே அனுப்பிவிட்டுப் போகும் தாய்மார் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர்களுக்காவது சீருடையைக் கண்டால் கொஞ்சம் தைரியம் வரும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே சீருடையைக் கண்டால் பயம். அதை முகத்தில் காட்டாமல் உள்ளே போவதுதான் ஒவ்வொரு நாளும் என் முதல் வேலை. எழுத்துத் தெரியாத பிள்ளைகள் முகத்தைத்தான் வாசிப்பார்கள். என் பயம் அவர்களில் ஒருவருக்கும் தொற்றிவிடக்கூடாது. முக்கியமாக, என் சுவெற்றர் நுனியைப் பிடித்தபடி திரியும் அந்த நாலு வயதுக்காரிக்குத் தொற்றக்கூடாது. அவள் கண்ணிலிருந்து ஒன்றும் தப்பாது.

செய்தி பார்க்கும் நாட்களில் என் கணவர் ஒரே பாட்டுத்தான் பாடுவார்.

“உந்த வேலையை விடும். பிறம்ரனிலை வெயர்ஹவுஸிலை பெட்டி அடுக்கிற வேலையெண்டாலும் நிம்மதியா இருக்கலாம்.”

ஓம் என்று சொல்லிவிட்டு மறுநாளும் பஸ் ஏறுவேன். பயந்து பயந்து ஒவ்வொன்றாக விட்டால் கடைசியில் கட்டிலுக்குக் கீழேதான் குடியிருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

இலையுதிர் காலத்தில் அவர்களுக்கு ஒரு பண்டிகை வரும். ஒரு வாரத்துக்கு வெளியே சுக்கா என்கிற குடிலைக் கட்டி, அதற்குள் இருந்து சாப்பிடுவார்கள். பெரியவர்கள் கட்டியதைப் பார்த்த எங்கள் பிள்ளைகள், முற்றத்தில் பால் பெட்டிகளையும் பழைய படுக்கை விரிப்புகளையும் வைத்துத் தாங்களும் ஒன்று கட்டத் தொடங்கினார்கள். அந்தச் சின்னவள்தான் தலைமை மேசன். மேலே சில கிளைகளை மட்டும் பரப்பினாள்.

எனக்கு அந்தக் கூரையைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை. யுத்தகாலத்தில் ஊரில் எங்கள் வீட்டில் வெட்டிய பங்கர் என்கிற பதுங்குகுழிக்கு அப்பா பனங்குற்றி அடுக்கி, அதன்மேல் மண்மூட்டை வைத்து, வெளிச்சம் வரும் ஓட்டையெல்லாம் தேடித் தேடி அடைத்தது நினைவுக்கு வந்தது. வெளிச்சம் வரும் வழியால் ஷெல் துண்டும் வரும் என்பார். என் கை தன்பாட்டில் போய் ஒரு தடித்த போர்வையை எடுத்துக் கிளைகளின் மேல் போட்டது.

சின்னவள் போர்வையை இழுத்துக் கீழே போட்டாள்.

“வானம் தெரியாவிட்டால் இது சுக்கா இல்லை,” என்றாள் ஆங்கிலத்தில். “இரவில் நட்சத்திரம் தெரியவேண்டும்.”

தலைமை ஆசிரியை பார்த்துக்கொண்டு நின்றார். கை படக்கூடாது என்ற விதியை அவர் நினைவூட்டவில்லை. பிறகு தனியாகக் கூப்பிட்டு, எதற்குப் பயந்தாய் என்று மெதுவாகக் கேட்டார். மழை வரும்போல இருந்தது என்றேன். வானத்தில் ஒரு முகில்கூட இல்லை.

அதே வாரம் ஒரு நாள், நானும் இன்னொரு உதவியாளரும் வகுப்பில் இருந்தபோது ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. கதவைப் பூட்டுங்கள், இது ஒத்திகை இல்லை என்றார்கள். கேற்றடியில் யாருடையதென்று தெரியாத ஒரு பை கிடந்ததாம். அது பிறகுதான் எங்களுக்குத் தெரியும். கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, பிள்ளைகளை எல்லாம் வோஷ்றூமுக்குள் கூட்டிப்போய் நிலத்தில் இருத்தினோம். பழகியபடி எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனால் வெளியே நடைபாதையில் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் எனக்கு ஆங்கிலம் மறந்துபோனது.

“சத்தம் போடாதேங்கோ, பிள்ளையள்,” என்று தமிழில் சொன்னேன்.

ஒருவருக்கும் விளங்கியிராது. ஒருவரும் சத்தம் போடவும் இல்லை. இருட்டில் ஒரு முனகல் மட்டும் கேட்டது. எந்தப் பிள்ளை என்று தடவிப் பார்த்தேன். அது நான்தான். பங்கருக்குள் அம்மா என் வாயைப் பொத்தியபோது வந்த அதே முனகல். நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. அப்போது ஒரு சின்னக் கை வந்து என் வாயைப் பொத்தியது. அதில் பிள்ளைகள் உருட்டி விளையாடும் பிளேடோ மா மணத்தது. யாருடைய கை என்று பார்க்கத் தேவையிருக்கவில்லை.

பைக்குள் யாரோ மறந்துவிட்டுப்போன ஈர நீச்சலுடுப்பு இருந்தது. எங்களுக்கு அப்பிள் யூஸ் தந்தார்கள். பிள்ளைகள் மேலுதட்டில் யூஸ் மீசை வைத்துக் குடித்தார்கள். நானும் சிரித்தேன். என் பயம் ஒருவருக்கும் தொற்றவில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை முற்றத்துக்குப் போனபோது, அவள் தனியாக நின்று அந்தத் தடித்த போர்வையைக் கிளைகளின் மேல் இழுத்துக்கொண்டிருந்தாள். நான்கு மூலையும் சரியாக மூடும்வரை சுற்றிச் சுற்றி வந்தாள். ஓடிப்போய் இழுத்து எறியத் தோன்றியது. கையைக் கட்டிக்கொண்டு, எங்களுக்குச் சொல்லித்தந்தபடி கேட்டேன்.

“இது எதற்காக இருக்கும்?”

“உங்களுக்காக,” என்றாள். “நேற்று நீங்கள் நடுங்கினீர்கள். இதற்குள் இருந்தால் நீங்கள் இருப்பது ஒருவருக்கும் தெரியாது.”

உள்ளே வரச் சொன்னாள். குனிந்து போய் இருந்தேன். கும்மிருட்டு. இத்தனை நாளும் பொத்திப் பொத்தி வைத்த என் பயம் என் பக்கத்திலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தது. வானம் பார்க்க ஆசையாக இருக்கிறது, திறப்போமா என்று அவளைக் கேட்டேன்.

அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, நடுங்குகிறதா என்று பார்த்தாள். நடுங்கியது. பிறகு எழும்பி, தன் பக்கத்துப் போர்வையை மட்டும் வானம் தெரிய விலக்கிவிட்டாள். என் தலைக்கு மேலிருந்ததை அப்படியே விட்டாள்.