செவ்வரளியும் போர்டு கிணறும்

காலை ஏழு மணி, நாற்பத்திரண்டு ஓட்டு, மணியகாரர் பழனியப்பர்: பொதுவாழ்வில் என் முதல் நாளைக் குறிப்பேட்டில் இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு முன் சென்னைத் தினசரி ஒன்றுக்குச் சேலத்திலிருந்து சேதி அனுப்பிக்கொண்டிருந்தவன் நான். நேரம், எண்ணிக்கை, பெயர் மூன்றும் இல்லாமல் எழுத வராது. ஓட்டுக் கேட்கும் தொழிலில் தெய்வத்தின் பெயரை எத்தனை முறை இழுத்தேன் என்பதை மட்டும் குறித்து வைக்கவில்லை. அந்தத் தொழிலில் அடிபட்ட உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கற்பூரம்

ஊர் நாமக்கல்லுக்கு மேற்கே, திருச்செங்கோடு போகும் சாலையில் இருக்கிறது. பெயர் சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள். 1934-இல், ஜில்லா போர்டுத் தேர்தலில், வரி கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு. அந்த ஊரில் நாற்பத்திரண்டு பேர் கட்டினார்கள். வேட்பாளர்கள் ஓட்டர்களை மாரியம்மன் முன்னால் நிறுத்தி, எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்குவது வழக்கம். இங்கே ஊர் வரி வசூலிக்கும் மணியகாரர் என்னை அடிக்கச் சொன்னார். ஊருக்குக் குடிநீர் இறைக்கச் சேந்துகிணறு வெட்டித் தருவேன், ஊர் வழக்கத்துக்கு விரோதமாக ஒன்றும் செய்ய மாட்டேன் என்று இரண்டு சத்தியம்.

நான் சனிக்கிழமை தவறாமல் ஆஞ்சநேயருக்கு விரதம் இருப்பவன். அதனால் தட்டின்மேல் கை தயங்கியது. மணியகாரர் என் காதருகே குனிந்து சொன்னார்: "பயப்படாம அடிங்க. இங்க சத்தியம் பண்ணி இதுவரைக்கும் யாருக்கும் கை சுட்டதில்லீங்க."

பொது

ஜெயித்தேன். அடுத்த வருஷமே போர்டு பணத்தில் கிணறு வெட்டியாயிற்று. போர்டு பணத்தில் வெட்டினால் அது பொதுக் கிணறு. எல்லாச் சாதியாரும் நீர் எடுக்கலாம் என்று தகரப் பலகை அடிக்க வேண்டும். அது சட்டம். பலகை வந்தது. மணியகாரர் அதன்மேல் பந்தல் ஓலையைச் சாத்தி வைத்தார்.

சேரியிலிருந்து கருப்பாயி என்பவள் என்னைத் தேடி நாமக்கல்லுக்கே நடந்து வந்தாள். அவர்கள் குடித்தது குட்டைத் தண்ணீர். அதனால் நரம்புச் சிலந்தி வந்து, அவள் புருஷன் மாரப்பன் காலிலிருந்து புழு நூல் மாதிரி வெளியே வந்துகொண்டிருந்தது. அதைக் குச்சியில் சுற்றிக்கொண்டு ஆனி மாதத்திலிருந்து படுத்திருந்தான். உழவுக்குப் போக முடியாததால் வீட்டில் அடுப்பு எரிவதும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். இதையெல்லாம் அவள் அழாமல் சொன்னாள். பலகையில் எழுதியிருப்பதை யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். கடைசியாக ஒன்று கேட்டாள்: "ஏனுங்க சாமி, பொதுன்னா எங்களையுஞ் சேத்துத்தானுங்களே?"

பூக் கேட்டது

சட்டத்தை எதிர்த்தால் போலீஸ் வரும் என்று மணியகாரருக்குத் தெரியும். அதனால் அவர் எதிர்க்கவில்லை. சேரியார் நீர் எடுக்கலாமா என்று ஆத்தாவிடம் பூக் கேட்டுவிடலாம் என்றார். எங்கள் பக்கம் கல்யாணம் முதல் வழக்கு வரை அப்படித்தான். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியே இலையில் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். எடுத்த பொட்டலத்தில் வெள்ளை இருந்தால் சம்மதம், சிவப்பு என்றால் இல்லை. போர்டு மெம்பரே எடுக்கட்டும், அவர்தான் நடுநிலை என்று ஊர் சொன்னது. சேரி ஜனம் சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தது. நான் கண்ணை மூடி, மெய்யாகவே வேண்டிக்கொண்டுதான் எடுத்தேன். செவ்வரளி.

மறுநாள் சாயங்காலம் பூசாரி என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஊரைக் கூட்டி எல்லார் முன்னாலும் நான் கேட்டால் ஒத்துக்கொள்வதாகவும், தானாகச் சொல்லத் தைரியம் இல்லை என்றும் சொல்லிவிட்டு, விஷயத்துக்கு வந்தார். "ரெண்டு பொட்டலத்துலயும் செவ்வரளிதானுங்க. நீங்க எடுத்தா சந்தேகம் வராதுன்னு மணியகாரர் சொன்னாருங்க. எனக்கு ஆத்தாகிட்டப் பயமா இருக்குதுங்க."

ஆலோசனை

உடனே ஊரைக் கூட்டியிருக்க வேண்டும். நான் சேலத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே எங்கள் கட்சிப் பெரியவர் ஒருவர், வக்கீல்; கழுத்தில் ருத்திராட்சம், உடம்பில் கதர், வெள்ளிக்கிழமைதோறும் சத்தியத்தைப் பற்றிப் பிரசங்கம். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். அடுத்த தேர்தல் எப்போது என்று விசாரித்தார். நாற்பத்திரண்டையும் மனசுக்குள் ஒருமுறை கூட்டிப் பார்த்தவர் போல இருந்தது. மணியகாரரைப் பொய்யர் என்று சொல்வதும் அம்மனைப் பொய்யாக்குவதும் ஜனங்களுக்கு ஒன்றுதான் என்றார். பிறகு எனக்கு விபூதி கொடுத்துச் சொன்னார்: "உண்மையைச் சொல்வது தர்மம். எப்போது சொல்வது என்பது ராஜதந்திரம். தேர்தல் முடியட்டும்."

திரும்பி வரும் வழியிலேயே பழைய தினசரிக்கு ஐந்து வரிச் சேதி எழுதிப் போட்டேன். கிணறு சம்பந்தமாக ஊரார் தெய்வ சன்னிதியில் ஒற்றுமையாக முடிவு செய்தார்கள் என்று இருந்தது. நான் எழுதியதில் பிழை திருத்தாமல் அச்சானது அது ஒன்றுதான்.

ஓட்டு இல்லாதவர்கள்

மறுபடியும் ஜெயித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டிய நாள் வந்தபோது பூசாரி ஈரோட்டுப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டிருந்தார். நான் தேடவில்லை. மாரப்பனுக்குக் கால் சீழ் பிடித்து, அழுகி, அந்த மாசியில் செத்தான்.

துக்கம் விசாரிக்கப் போனேன். பழக்கம் விடவில்லை. கருப்பாயி எனக்குக் கட்டில் எடுத்துப் போடவில்லை; வையவும் இல்லை. பூசாரி ஊரை விட்டுப் போவதற்கு முன் அவளிடமும் வந்து சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். எத்தனை நாளாக எனக்குத் தெரியும் என்று கேட்டாள். ஒன்றரை வருஷம் என்றேன். அந்த ஒரு பதிலில்தான் நான் பொய் சொல்லவில்லை. அவள் சொன்னாள்: "எங்களுக்கு ஓட்டில்லீங்க சாமி. எங்ககிட்டப் பொய் சொல்லி உங்களுக்கு ஆவறது ஒண்ணுமில்லைன்னுதானுங்க உங்களை நம்புனோம்."

1941 சித்திரையில் மணியகாரர் தம் தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தினார், ஊற்று அங்கே திரும்பிப் போர்டு கிணறு அடியோடு வற்றிப்போயிற்று, அந்த வாரமே போர்டு கிணற்றில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம் என்று ஊர் ஏகமனதாக ஒப்புக்கொண்டது.